சிமென்ட் நிறத்தில் ஒரு செயலி

மக்களுக்கு அரசியல் தெரியவில்லையே என்று அரசுக்கு ஒரு நாள் வருத்தம் வந்தது. வருத்தம் வந்தால் நம்மைப் போன்றவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து புலம்புவோம். அரசு ஒரு வாரியம் அமைக்கும். அப்படி உருவானதுதான் குடிமக்கள் அரசியல் அறிவு மேம்பாட்டு வாரியம். அதற்கு ஒரு தலைவர், ஒரு சட்ட ஆலோசகர், ஒரு மொழி வல்லுநர், நிறங்களைக் கவனிக்கத் தனியாக ஓர் அம்மையார், தமக்கு என்ன வேலை என்று தமக்கே தெரியாத இன்னும் சில உறுப்பினர்கள். எல்லோருக்கும் சுழல் நாற்காலி உண்டு. மக்கள் கைப்பேசியிலேயே அரசியல் கற்றுக்கொள்ள ஒரு செயலி செய்வது என்பது வாரியத்தின் முதல் தீர்மானம். அதைச் செய்துகொடுக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

நான் செயலி வடிவமைப்பவன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதை அழுத்தினால் என்ன வர வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது என் பிழைப்பு. அதற்கு முன் ஒரு சலவைக் கடைக்கும் ஒரு பல் மருத்துவருக்கும் செய்து கொடுத்திருந்தேன். இரண்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன. அரசு வேலை என்றதும் நண்பர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொண்டது அக்காவுக்காக.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். தெருவோரக் கட்டடத்தில் கீழ்த்தளம், கண்ணாடிக் கதவு, உள்ளே நாலு தையல் மெஷின்கள். ஒரு காலையில் கடையைத் திறக்கப் போனவள், வாசலுக்கு நேர் முன்னே ஒரு குழியைப் பார்த்தாள். ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவு வரும். சுற்றிலும் ஒரு நாடா கட்டியிருந்தது. யார் தோண்டினார்கள், எதற்குத் தோண்டினார்கள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. சாலைத் துறையில் போய்க் கேட்டாள். குடிநீர்த் துறையைக் கேளுங்கள் என்றார்கள். குடிநீர்த் துறை மின்சாரத் துறையைக் கைகாட்டியது. மின்சாரத் துறை மறுபடி சாலைத் துறையிடமே அனுப்பியது. மூன்று இடத்திலும் உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார்களாம். கடைசியில் துணி வெட்டும் மேசையின் பலகையைக் கழற்றிக் குழியின்மேல் போட்டு, வாடிக்கையாளர்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேக்கணும்னு மட்டும் யாராவது சொன்னா போதும்டா," என்றாள் என்னிடம். "மத்ததை நான் பாத்துக்கறேன். எனக்கு வாய் இருக்கு."

இருந்தது. அக்காவின் வாய்க்கு வீட்டில் அத்தானே எதிர் நிற்க மாட்டார். அந்த வாய்க்கு ஒரு முகவரிதான் தேவைப்பட்டது. அன்றைக்கே எனக்குச் செயலியின் உருவம் மனதில் விழுந்துவிட்டது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெரிய பொத்தான். அதன்மேல் 'இதற்கு யார் பொறுப்பு?' என்று எழுதியிருக்கும். அழுத்தி, தெருப் பெயரையும் பிரச்சினையையும் சொன்னால், பொறுப்பானவரின் பெயரும் அலுவலகமும் வரும். அவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் வரும். இதைவிட எளிதாக அரசியல் கற்றுக்கொடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் கூட்டத்துக்கு உற்சாகமாகப் போனேன். வாசலில் இருந்த காவலர் என் கைப்பேசியை வாங்கி ஒரு மர இழுப்பறைக்குள் போட்டார்.

"உள்ள போன் கொண்டு போகக் கூடாது சார். பாதுகாப்பு."

"நான் செயலி காட்ட வந்திருக்கேங்க."

"காட்டுங்க சார். போன் இல்லாம காட்டுங்க."

வாரியத்தில் எல்லாவற்றையும் அச்சடித்துத்தான் பரிசீலிப்பார்களாம். அடுத்த முறை செயலியின் ஒவ்வொரு திரையையும் ஆளுக்கொரு பிரதி எடுத்து, இடது ஓரத்தில் துளையிட்டு, கயிறு கட்டிக் கொண்டுபோனேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடக்க உரை ஆற்றினார்.

"மக்கள்கிட்ட நாம அரசியலைக் கொண்டுபோகணும். அதே நேரத்துல மக்கள் அரசியலுக்குள்ள வந்துடாமலும் பாத்துக்கணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு. நம்ம செயலி அங்கதான் நிக்கணும்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். வயதான உறுப்பினர் ஒருவர் முதல் பக்கத்துப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அழுத்தினா ஒண்ணும் வரலையே?"

"ஐயா, அது காகிதம்."

"காகிதம்னு எனக்கும் தெரியுது. ஏன் வரலைன்னுதான் கேக்கறேன்."

'பொத்தான் வேலை செய்யவில்லை' என்று கூட்டக் குறிப்பில் பதிவானது. அதற்கு எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் எழுதினேன். விளக்கம் திருப்தியாக இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த கூட்டத்தில் நான் அந்த உறுப்பினரின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். அவர் விரலை வைத்ததும் சட்டென்று அந்தக் காகிதத்தை உருவிவிட்டு அடுத்ததை நீட்டினேன்.

"இப்ப வேலை செய்யுது," என்றார் மகிழ்ச்சியோடு. "நல்ல முன்னேற்றம் தம்பி."

அதிலிருந்து எல்லா உறுப்பினர்களும் அதையே கேட்டார்கள். நான் நாற்காலி நாற்காலியாக ஓடிக் காகிதம் உருவினேன். கீழே நகர்த்திப் படிக்க வேண்டிய பக்கம் ஒன்று இருந்தது. அதை நீளமாக ஒட்டிச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அலுவலக உதவியாளர்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கூட்ட அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை நடந்தார்கள். உறுப்பினர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். "கொஞ்சம் வேகமா நகருது," என்றார் சட்ட ஆலோசகர். உதவியாளர்கள் மெதுவாக நடக்க வேண்டும் என்று அதுவும் குறிப்பில் ஏறியது.

பிறகு சொற்களுக்கு வந்தார்கள். மொழி வல்லுநரிடம் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. 'கட்சி' என்ற சொல்லே கட்சி சார்பாக இருக்கிறது என்று அதை எடுத்தார். 'தேர்தல்' என்றால் சிலர் ஜெயிப்பதும் சிலர் தோற்பதும் நினைவுக்கு வருமாம், அது மனதைப் புண்படுத்துமாம். அதை எடுத்துவிட்டு 'குறிப்பிட்ட நாள்' என்று போட்டார். 'வாக்கு' விருப்பமாயிற்று. 'அமைச்சர்' சிலராயிற்று. நான் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிய முதல் பாடம் இப்படி வந்து நின்றது: 'குறிப்பிட்ட நாளில் பலர் சில இடங்களுக்குச் சென்று தங்கள் விருப்பத்தைத் தெரிவிப்பார்கள். அதன்பின் சிலர் சில இடங்களில் அமர்வார்கள்.'

அக்காவிடம் படித்துக் காட்டினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "என்னடா இது, சுற்றுலா விளம்பரமா?" என்றாள்.

"அரசியல் பாடம்."

"இதுல குழி எங்க வருது?"

"வரும்க்கா. பொத்தான் இன்னும் இருக்கு."

இருந்தது. வினாடி வினாப் பகுதிதான் போய்விட்டது. 'உங்கள் பகுதியின் உறுப்பினர் யார்?' என்று கேட்டு நாலு பதில் கொடுத்திருந்தேன். சட்ட ஆலோசகர் எழுந்து, "சரியான பதிலைக் காட்டினா அந்த உறுப்பினருக்கு இலவச விளம்பரம். தப்பான பதில்னு காட்டினா மத்த மூணு பேருக்கு அவமானம். அவங்க வழக்குப் போட்டா நான்தான் போய் நிக்கணும்," என்றார். எனவே நாலு பதிலுமே சரி என்று முடிவானது. எதை அழுத்தினாலும் 'உங்கள் அரசியல் அறிவு மிகச் சிறப்பு' என்று வரும். ஒன்றையும் அழுத்தாமல் சும்மா இருந்தாலும் அப்படியே வர வேண்டும் என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். சும்மா இருப்பதும் ஒரு குடிமகனின் உரிமையாம்.

நிறத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உண்மையாகவே காது சுட ஆரம்பித்தது. நான் நீலம் வைத்திருந்தேன். நீலம் ஒரு கட்சியின் கொடியில் இருக்கிறது என்றார் நிற அம்மையார். பச்சை இன்னொன்று. சிவப்பைச் சொன்னதும் இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். மஞ்சள், கருப்பு, வெள்ளை எல்லாவற்றுக்கும் யாரோ சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஊதாவைச் சொன்னேன். ஒரு கட்சித் தலைவரின் மனைவிக்கு ஊதா பிடிக்கும் என்றார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஆலோசிக்க அவகாசம். கடைசியாகச் சாம்பல் நிறத்தைக் கொண்டுபோனேன். எங்கோ ஒரு சுயேச்சை வேட்பாளர் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு நின்றதாக வயதான உறுப்பினருக்கு நினைவு வந்தது. அவர் ஜெயித்தாரா என்று கேட்டேன். நினைவில்லை என்றார். அதனாலேயே அதையும் தள்ளிவைத்தார்கள்.

இதற்குள் அக்காவின் கடைக்கு ஆள் வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. அளவு கொடுக்க வந்த ஒருவர் பலகை வழுக்கிக் குழிக்குள் போனார். அக்கா அவரைத் தூக்கிவிட்டு, கிழிந்த கால்சட்டையைக் காசு வாங்காமல் தைத்துக்கொடுத்தாள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். அவளைக் கலக்கியது பள்ளிக்கூடத்துச் சீருடை. பக்கத்துப் பள்ளியின் மொத்தச் சீருடையும் ஒவ்வொரு வருடமும் அவளிடம்தான் வரும். அந்த வேலையை வைத்துத்தான் கடையில் இரண்டு தையல்காரிகளை வைத்திருந்தாள். அந்த வருடம் தலைமையாசிரியை வந்து குழிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"பிள்ளைங்க அளவு கொடுக்க இங்கதானே வரணும்? ஒண்ணு விழுந்தா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள இதை மூடச் சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற இடம் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, "உன் ஆப் எப்பதான்டா வரும்?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் பொத்தானைக் கையில் எடுத்தார்கள். எடுத்துவிடலாம் என்று சட்ட ஆலோசகர் சொன்னார். முதல்முறையாக நான் எழுந்து நின்று, முடியாது என்றேன்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "யார் பொறுப்புன்னு தெரிஞ்சுட்டா மக்கள் நேரா அவரைப் போய்ப் பாப்பாங்க. ஆளாளுக்கு வந்து உக்காந்துட்டா அவர் வேலையை எப்படிச் செய்வார்? பொறுப்புல இருக்கறவங்களைப் பொறுப்புலேருந்து காப்பாத்தறதும் நம்ம பொறுப்புதானே?"

"சார், அந்தப் பொத்தான் இல்லேன்னா இந்தச் செயலியில எதுவுமே இல்ல."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம். எதுவும் இல்லேன்னா எதிர்ப்பும் இருக்காது."

நான் விடவில்லை. சலவைக் கடைக்காரர் கையால் எனக்குக் கிடைத்த மரியாதையை எல்லாம் பணயம் வைத்துப் பேசினேன். ஒப்புதலுக்கு வடிவமைப்பாளரின் கையெழுத்தும் வேண்டும் என்று விதி இருந்தது. நான் போடவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்ததும் ஒத்திவைக்கப்பட்டது. அக்காவுக்காகத் தனியாளாகச் சண்டை போடுகிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது ஒத்திவைப்பின்போது தலைவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"தம்பி, நீங்க இப்படிப் பிடிவாதம் பிடிச்சா வெளியில எவ்வளவு வேலை நிக்குது தெரியுமா? ஊர் பூரா செயலிக்கு விளம்பரத் தூண் வைக்கப் போறோம். 'உங்கள் அரசியல், உங்கள் கையில்'னு எழுதி. தூண் எல்லாம் வார்த்துத் தயாரா கிடக்கு. குழிகூட எப்பவோ தோண்டியாச்சு. செயலியோட நிறம்தான் தூணுக்கும். நீங்க கையெழுத்துப் போட்டாதான் செயலி முடியும், செயலி முடிஞ்சாதான் நிறம், நிறம் வந்தாதான் தூண்."

"எந்தெந்தத் தெருவுல குழி?" என்று கேட்டேன்.

அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்காவின் தெருவும் வந்தது.

"அங்க ஒரே தொல்லை," என்றார் தலைவர். "தையல் கடைக்காரம்மா ஒருத்தங்க நம்ம குழிமேல பலகை போட்டு ஆக்கிரமிச்சு வெச்சிருக்காங்களாம். மக்களுக்குப் பொதுச் சொத்துன்னா என்னன்னே தெரியல. இதுக்குத்தான் அரசியல் அறிவு வேணும்ங்கறது."

நான் உட்கார்ந்தேன். யார் பொறுப்பு என்று அக்காவுக்குச் சொல்வதற்காக நான் பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு கூட்டமும் அந்தக் குழியைத்தான் திறந்து வைத்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. பேனாவைக் கேட்டு வாங்கி, பொத்தானை நீக்க ஒப்புதல் என்று கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். நிறமும் அங்கேயே முடிவானது. தூண் வார்த்தபோது இருந்த சிமென்ட் நிறத்தை எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நிற அம்மையார் கண்டுபிடித்தார். தூணுக்கு நிறம் பூச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டிருப்பார்கள்.

செயலி வெளியானது. திறந்தால் சிமென்ட் நிறத்தில் 'வணக்கம்' என்று வரும். கொஞ்ச நேரம் கழித்து 'உங்கள் அரசியல் அறிவு மிகச் சிறப்பு' என்று வரும். பிறகு 'நன்றி'. வாரிய ஊழியர்கள் எல்லோரையும் கட்டாயமாகப் பதிவிறக்கம் செய்யச் சொன்னார்கள். மக்களிடம் பெரும் வரவேற்பு என்று செய்தி வந்தது.

அக்கா கடை இருக்கும் தெருவுக்குத் தூண் வந்ததைப் பார்க்கப் போனேன். குழி மூடியிருந்தது. அதில் தவறு சொல்ல முடியாது. குழி இருந்த இடத்தில், கண்ணாடிக் கதவுக்கு நேர் முன்னே, கட்டிப் பிடித்தால் கை எட்டாத பருமனில் தூண் நின்றது. கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. நான் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் உள்ளே நுழைந்தேன். தையல்காரிகளில் ஒருத்தியின் மெஷின் உறை போட்டு மூடியிருந்தது. தலைமையாசிரியை காலையில் வந்து பார்த்துவிட்டு, சீருடை வேலையை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"குழின்னாகூட பலகை போட்டேன்," என்றாள் அக்கா. "இதுக்கு என்னடா போடறது? யாரு கொண்டாந்து நட்டாங்கன்னுகூடத் தெரியல."

சொன்னேன். குழியும் அவர்களுடையதுதான், தூணும் அவர்களுடையதுதான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் கையெழுத்தையும் சொன்னேன். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"போன வாரம்."

"போன வாரமே தெரிஞ்சுது. உன் வீடு நாலு தெரு தள்ளி. நடந்து வந்து, அக்கா, இன்னாருதான், இந்த மாடியில இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே போய் நின்னிருப்பேனே. இதுக்கு எதுக்குடா உனக்கு ஆப்?"

இத்தனை மாதம் அந்த அறையில் இருந்து இருந்து, ஒரு வார்த்தையை நேராக ஒருவரிடம் போய்ச் சொல்லலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வெட்கமாக இருந்தது.

அக்கா அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியே போனாள். தூணின்மேல் தன் உயரத்துக்கு, பெரிய எழுத்தில், 'இந்தத் தூணுக்கு யார் பொறுப்பு?' என்று எழுதினாள். அதன் கீழே தலைவர் பெயர், மாடி, அறை, தொலைபேசி எண் எல்லாவற்றையும் என்னைச் சொல்லச் சொல்லி எழுதினாள். கருஞ்சாம்பல் சிமென்ட்டில் வெள்ளைச் சாக்கட்டி எழுத்து நன்றாகத் தெரிந்தது. அந்த நிறத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

தெருவில் போனவர்கள் நின்று படித்தார்கள். முடிதிருத்துபவர் படித்துவிட்டு, "அப்படியே எங்க தெரு விளக்குக்கு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. கேள்வியை மட்டும் எழுதி, பதிலுக்கு இடம் விட்டு வைத்தாள். மறுநாள் யாரோ விசாரித்து வந்து அந்த இடத்தை நிரப்பியிருந்தார்கள். குப்பை வண்டி, அடைத்துக்கொண்ட சாக்கடை, பள்ளிக்கூடத்து மதில் என்று எழுத்து மேலே ஏறிக்கொண்டே போனது. தலைவரின் தொலைபேசி ஓயாமல் அடித்ததாகவும், அவர் அதையும் அந்த மர இழுப்பறைக்குள் போடச் சொன்னதாகவும் வாரிய வாசல் காவலர் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் வாளியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு வந்தார். தூணைக் கழுவ உத்தரவாம். அக்கா பாதிக் கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"யாருங்க உங்களை அனுப்பினது?"

"மேலேருந்து சொன்னாங்கம்மா."

"மேலன்னா யாரு?"

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார். மேற்பார்வையாளர் வேறு ஒரு எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணில் பேசியவர், நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே என்றார். வாளிக்காரர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, தூணை மேலிருந்து கீழ்வரை மெல்லப் படித்தார். ஓர் இடத்தில் நின்று மறுபடி படித்தார்.

"அம்மா," என்றார், "எங்களுக்கு மூணு மாசமா சம்பளம் வரல. அதுக்கு யாரைக் கேக்கணும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. அதையும் இதுல கொஞ்சம் எழுதறீங்களா?"

அக்கா சாக்கட்டியை அவரிடமே கொடுத்தாள்.